வல்லூறு அடிச்சது

ரிட்டயர் ஆன பிறகும் என் போனுக்கு இறகு வந்துகொண்டுதான் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ வரும். எனக்கு மொட்டை மாடியில் கிடந்த இறகு, ஏசி பெட்டிக்கு அடியில் கிடந்த இறகு, பைக் சீட்டில் ஒட்டியிருந்த இறகு. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சுதா போன வாரம் ஒன்றை அனுப்பினாள். சாம்பல் நிறம், குறுக்கே கறுப்புப் பட்டைகள்.

"அக்கா, ஆப்புல போட்டேன். மொதல்ல வல்லூறுன்னுச்சி. திரும்பப் போட்டா அக்காக்குயிலுன்னுது. இன்னா பண்றது?"

"அதையே மூணாவது தடவ கேளு. அதுக்குத்தான மாசாமாசம் ரீசார்ஜ் பண்ற" என்றேன். பிறகு மனசு கேட்காமல், இறகைத் திருப்பி உள்பக்கத்தையும் காம்பையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வல்லூறுதான்.

ஆப் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நாங்கள் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு நொடியில் வருகிறதென்றால் நல்லதுதானே. ஆனால் பறவையின் பேர் மட்டும் தெரிந்தால் போதாத நேரம் ஒன்று வரும் என்று சுதாவிடம் சொன்னேன். "தேசிங்கு கேஸச் சொல்றீங்களா? அத முழுசா எழுதிக் குடுத்துடுங்கக்கா. புதுசா வர்றவங்க ஆளுக்கொரு கத சொல்றாங்க" என்றாள். ஒரு கதையில் நான் பறவையோடு பேசி அதைக் கூப்பிட்டு வந்ததாக இருக்கிறதாம். அடக் கடவுளே! அதற்காகவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்தது பத்தாவது. வேலை கிடைத்தது ஊசியால். கன்னியர் மடத்தில் எம்பிராய்டரி கற்றுக்கொண்டு, பூப் போட்ட மேஜை விரிப்புகள் தைத்துக்கொண்டிருந்தேன். நகரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், பாடம் செய்து வைத்திருந்த பழைய பறவைகள் தையல் விட்டுப் பஞ்சு தள்ளிக்கொண்டு கிடந்தன. ஓர் இறகும் உதிராமல் தைக்க ஆள் தேடினார்கள். "தலகாணி தைக்கறவளுக்குக் கொக்கு தைக்கத் தெரியாதா, போ" என்று அப்பா அனுப்பிவைத்தார். முதல் வாரம் முழுக்க, பறவைகளைப் பூச்சி அரிக்காமல் போட்டிருந்த நாப்தலின் வாடையில் வாந்தி எடுத்தேன். அதற்கப்புறம் அந்த வாடை என்னை விடவே இல்லை. "உன் பக்கத்துல படுத்தா கொசுவத்தி மிச்சம்" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்த அறையில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சேர்த்த பறவைகளும் உண்டு. பெட்டிகளின் மேல் பிரெஞ்சில்தான் பேர் இருக்கும். சின்ன வல்லூறுகள் இருந்த பெட்டியில் 'எப்பெர்வியே' என்று எழுதியிருந்தது. அது எங்கள் அட்டெண்டர்கள் வாயில் 'பெருவியே பெட்டி' ஆகிவிட்டது. 'பெரிய பெட்டி' என்று என் காதில் விழும். இருக்கிறதிலேயே குட்டியூண்டு பெட்டியை எதற்குப் பெரிய பெட்டி என்கிறார்கள் என்று நான் பல வருஷம் குழம்பியிருக்கிறேன். கேட்டால் சிரிப்பார்களோ என்று கேட்கவும் இல்லை.

அந்தப் பெட்டியிலிருந்துதான் என் பிழைப்பு வந்தது. தையல் முடிந்ததும் இறகு அடுக்கினேன், இறகு கழுவினேன், கடைசியில் இறகு பார்த்துப் பறவை சொல்கிற ஆளானேன். என் இரண்டு பிள்ளைகளும் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். எத்தனையோ பேர் பிடிக்காத வேலைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் வருகிறார்கள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிடித்த வேலைக்குப் போனேன். அதற்கு மாதாவுக்கு எத்தனை மெழுகுவத்தி ஏற்றினாலும் தகும்.

வல்லூறைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலர் வைரி என்பார்கள். புறா அளவுதான் இருக்கும். ஆண் இன்னும் சின்னது, பெண்தான் பெரியது. மேலே சாம்பல், மார்பில் செம்மண் நிறக் கோடுகள், வாலில் பட்டைகள், கண்ணில் அப்படி ஒரு கோபம். இதே உடுப்பில் இன்னொரு பறவை உண்டு. அதுதான் அக்காக்குயில். வெயில் காலத்தில் குரலை ஏற்றி ஏற்றிக் கத்தி நம் உயிரை எடுக்குமே, அது. போலீஸ் இல்லாதவன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சந்தையில் நுழைகிற மாதிரி வல்லூறு வேஷத்தில் வரும். தவிட்டுக்குருவிகள் பயந்து ஓடும். அது அந்தக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பறக்கும்போதே இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஒற்றை இறகை வைத்துக்கொண்டு சொல்வது அதைவிடக் கஷ்டம்.

ஆனால் முடியும். இறக்கையின் நீள இறகாக இருந்தால் தண்டுக்கு உள்பக்கமாக இருக்கும் பகுதியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். வல்லூறுக்கு அது பாதி தூரம் அகலமாக வந்து சட்டென்று வெட்டினது போலக் குறுகிவிடும். பறக்கும்போது இறக்கை நுனியில் விரல் விரலாகத் தெரிகிறதே, அது இந்த வெட்டினால்தான். குயிலின் இறகில் அந்த வெட்டு இருக்காது, நுனிவரை மெதுவாகக் கூராகிப் போகும். வால் இறகு என்றால் பட்டையின் ஓரத்தில் செம்மண் சாயல் ஒட்டியிருந்தால் குயில் என்று சந்தேகப்படலாம். தொட்டாலும் தெரியும். குயிலிறகு தொளதொளவென்று இருக்கும். வல்லூறின் இறகு மடக்கினால் சண்டைக்கு வரும்.

இதையெல்லாம் நான் கையால் கற்றுக்கொண்டிருந்தேன். வாயால் சொல்ல வைத்தவர் கயல்விழி மேடம். அவர் எங்கள் பிரிவுக்குத் தலைமையாக வந்தபோது எனக்குத் தலை நரைத்திருந்தது. அவருக்கு என் கடைசித் தங்கை வயசு. 'இந்தப் பொண்ணு என்னை அதிகாரம் பண்ணட்டும், பார்க்கிறேன்' என்று மனசுக்குள் கச்சை கட்டிக்கொண்டுதான் நின்றேன். முதல் நாள் ஓர் இறகை என் முன்னால் வைத்தார்.

"என்ன தெரியுது பிலோமினா அக்கா?"

"மைனா."

"அது நீங்க சொல்றது. இறகு என்ன சொல்லுது?"

எனக்கு வந்ததே கோபம். "அது எப்பவோ செத்துப் போச்சு மேடம். பேசாது" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து, வடக்கு ஜன்னல் ஓரம் இருந்த அந்த நல்ல வெளிச்சமான இடத்தில் என்னை உட்கார வைத்தார். "பேர வுட்டுடுங்க. பாக்கறத மட்டும் சொல்லுங்க. நான் கேக்கறேன்" என்றார். நான் கறுப்பு என்றேன், வெள்ளை என்றேன். "அப்புறம்?" என்றார். இந்தப் பக்கம் குறுகல், அந்தப் பக்கம் அகலம் என்றேன். "அப்புறம்?" அந்த 'அப்புறம்' முடிவே இல்லாதது. டீ ஆறிப் போய்விட்டது. ஆனால் இத்தனை வருஷம் நான் கையில் வைத்திருந்தும் பார்க்காத எத்தனையோ சங்கதிகளை அன்றைக்குப் பார்த்தேன்.

அவர் இறகு பார்க்கிற முறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்க முடிகிறது. கையைக் கழுவி ஈரம் போகத் துடைப்பார். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொள்வார். இறகைக் காம்புப் பக்கம் மட்டும்தான் பிடிப்பார். இடது இறக்கையா வலது இறக்கையா என்று முதலில் பார்ப்பார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பட்டைகளை. பிறகு உள்பக்கம் திருப்பி. கடைசியில் லென்ஸ் வைத்துக் காம்பின் அடியை. காம்பை யாரும் பார்ப்பதில்லை, அழகெல்லாம் மேலே இருக்கிறதே. பூக்காரியைக் கேட்டால் தெரியும், பறித்த பூவா உதிர்ந்த பூவா என்று அவள் காம்பைத்தான் பார்ப்பாள். இரண்டு பேர் ஒரே இறகைப் பார்த்தால் ஒருவர் முடிவை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அது அவருக்கும் சேர்த்துத்தான். நான் சொன்னது சரியாக இருந்து அவர் பார்த்தது தப்பாகப் போனால், "நீங்க சொன்னதுதான் சரி" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிடுவார். அப்படி ஒரு மேலதிகாரி வாய்ப்பது லேசில் நடக்கிற காரியமா? கச்சை கட்டிக்கொண்டு நின்றவள் அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கு அழுதேன்.

இனி தேசிங்கு கேஸ்.

அது ஓர் ஆடி மாதம். வனத்துறை ரேஞ்சர் சீல் வைத்த ஒரு கவரோடு வந்தார். நல்ல மனுஷன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். "வைத்திக்குப்பத்துல தேசிங்குன்னு ஒருத்தர் மேடம். நம்ம ஊரு மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுல ஒரு கம்பெனில ஃபோர்க்லிஃப்ட் ஓட்றாரு. மாடியில பந்தயப் புறா வளக்கறாரு. வல்லூற அடிச்சிக் கொன்னுட்டாருன்னு பக்கத்து மாடிக்காரர் புகார் குடுத்திருக்காரு. போய்ப் பாத்தோம். பறவ இல்ல. இந்த றெக்கங்கதான் ஒரு கவர்ல போட்டு மாட்டியிருந்தது" என்றார்.

புறா வளர்க்கிறவர்களுக்கும் வல்லூறுக்கும் என்றைக்கும் ஆகாது. மாடியிலிருந்து கிளப்பிவிட்ட புறாவை அது வானத்திலேயே மடக்கும். ரேஞ்சர் தன் போனைக் காட்டினார். புறா வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பக்கத்து மாடிக்காரர் கையில் எப்படியோ கிடைத்திருக்கிறது. ஆனி மாதம் தேசிங்கு எழுதியிருந்தது: 'ஒரு நாள் அத அடிக்காம வுடமாட்டன்.' பிறகு சில வாரம் கழித்து அதே ஆள் ஓர் இறகுக் குவியலின் படம் போட்டிருக்கிறார். மேலாகப் பட்டை போட்ட இறகுகள். யாரோ 'இன்னாடா இது' என்று கேட்டிருக்கிறார்கள். தேசிங்கின் பதில்: 'வல்லூறு அடிச்சது. றெக்க எல்லாம் என்கிட்டதான் கீது.'

"அவரே ஒத்துக்கினு எழுதியிருக்காரு மேடம். நீங்க வல்லூறுதான்னு சொல்லிட்டா மேல அனுப்பிடுவன். சட்டத்துல பெரிய பாதுகாப்பு குடுத்த பறவ. ஜெயில்தான்" என்றார் ரேஞ்சர்.

தேசிங்கு என்ற பேரைக் கேட்டதுமே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. பெரிய மார்க்கெட்டில் நான் வழக்கமாக மீன் வாங்குகிற அஞ்சலாட்சியின் புருஷன் அவர். அதை உடனே மேடத்திடம் சொன்னேன். "சொன்னது நல்லது. நீங்க தனியா பாருங்க, நான் தனியா பாக்கறேன். ரேஞ்சர் சாரையும் பக்கத்துல வெச்சிக்குவோம். கவர நாளைக்குத் தெறப்போம்" என்றார்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போனபோது அஞ்சலாட்சி கடையில் சங்கரா மீன் வெட்டாமல் அப்படியே கிடந்தது. அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்டதான் றெக்க வந்துகீதாமே. அவரு அடிக்கலக்கா. ராணின்னு ஒரு புறா வெச்சிருந்தாரு. அது செத்ததுக்கு இந்த ஆளு ஒழுங்கா சோறு துன்னல. எங்கம்மா செத்தப்பகூட நல்லா துன்னாரு. கொலகாரன் மாதிரி வந்து கேக்கறாங்க. கேஸு முடியற வரைக்கும் வராதன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. ஜெயில்ல போட்ருவாங்களாக்கா?"

"ஏன்டி, அடிக்காம வுடமாட்டன்னு எழுதினாரே, அது எதுக்கு?"

"நான்கூடதான் தெனமும் அவர வெட்டிப் போட்றன்னு சொல்றன். வெட்டிட்டனா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "நான் இன்னா பாக்கறனோ அதத்தான் சொல்ல முடியும் அஞ்சலாட்சி" என்றேன். "அத மட்டும் சொல்லுக்கா, போதும்" என்றாள். அந்த நம்பிக்கைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கவரைத் திறந்தோம். நிறையப் புறா இறகுகள், பந்தயப் புறாவுக்குப் போடுகிற கால் வளையம் ஒன்று. அவற்றுக்கு நடுவில் பட்டை போட்ட இறகுகள் மூன்று. இரண்டு இறக்கை இறகுகள், ஒரு வால் இறகு. நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். 'மாதாவே, குயிலா இருக்கட்டும், குயிலா இருக்கட்டும்' என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு முதல் இறகைத் திருப்பினேன். குயில் என்றால் வல்லூறைக் கொன்றான் என்ற பேச்சே கிடையாது, தேசிங்கு அன்றைக்கே வேலைக்குப் போயிருக்கலாம்.

உள்பக்கத்தில் அந்த வெட்டு. கத்தியால் சீவினது போலத் தெளிவாக இருந்தது. மடக்கிப் பார்த்தேன், திமிறிக்கொண்டு நிமிர்ந்தது. வால் இறகில் செம்மண் சாயல் மருந்துக்குக்கூட இல்லை. வல்லூறு, அதுவும் நல்ல வளர்த்தியான பெண். அந்த இறகின் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. 'சனியனே, உனக்கு வேறு மாடியே கிடைக்கவில்லையா' என்று திட்டினேன்.

மேடமும் பார்த்து முடித்தார். "சொல்லுங்கக்கா" என்றார்.

"வல்லூறு மேடம்" என்றேன். ரேஞ்சர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க சார். அப்புறம்?" என்றார் மேடம், என்னைப் பார்த்து.

அப்புறம் என்ன? பேர் சொல்லியாகிவிட்டது. ஆனால் அந்த 'அப்புறம்' எனக்குப் பழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு லென்ஸை எடுத்தேன். முதலில் புறாவின் இறகுகள். காம்பின் அடியில் துளியூண்டு சதை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டில் அங்கங்கே எதிரெதிராக இரண்டு பக்கமும் நசுங்கல். அலகால் கவ்வி இழுத்த தடம். பூனையாக இருந்தால் தண்டையே கடித்துத் துண்டாக்கியிருக்கும். இது பறவை பிடுங்கியது. அடுத்து வல்லூறின் இறகுகள். காம்பு வெள்ளைவெளேரென்று சுத்தம். அடித் துளை மூடி, அரிசி முனை போல உலர்ந்திருந்தது. நசுங்கல் இல்லை, சதை இல்லை. நுனிகள் வெயிலிலும் காற்றிலும் தேய்ந்து பழசாகியிருந்தன.

"இது பிடுங்கினது இல்ல மேடம். தானா உதுந்தது" என்றேன்.

"அப்புறம்?"

இரண்டு இறக்கை இறகுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று இடது, ஒன்று வலது. ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி அளவும் வெட்டும் பட்டையும் பொருந்தின. வல்லூறு பறந்து அடித்தால்தான் சாப்பாடு. அதனால் எல்லா இறகையும் ஒரேயடியாக உதிர்க்காது. இடதில் ஒன்றை விட்டால் வலதிலும் அதே இடத்தில் ஒன்றை விடும், முளைத்து வந்ததும் அடுத்ததற்குப் போகும். இது உயிரோடு திரிந்த பறவை தானாகப் போட்ட ஜோடி, புறாவைப் பிய்த்த இடத்திலேயே உதிர்ந்திருக்கலாம். அதைச் சொல்லி முடித்தபோதுதான் மேடம் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதையேதான் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

ரேஞ்சர் போனை மறுபடி நீட்டினார். "அப்ப இது? வல்லூறு அடிச்சதுன்னு அவர் கைப்பட எழுதியிருக்காரே?"

மேடம் அதைப் படித்தார். "சார், பாம்பு கடிச்சதுன்னு ஒருத்தர் சொன்னா, யாரு யாரக் கடிச்சது?"

"பாம்புதான் மேடம், அந்த ஆள."

"பாம்பு அடிச்சதுன்னு சொன்னா?"

"அது நாம பாம்ப அடிச்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். போனைத் திரும்ப வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். வல்லூறு அடிச்சது. வல்லூறை அடித்ததா, வல்லூறு அடித்ததா? நம் வாயில் எவன் அந்த 'ஐ'யைப் போட்டுப் பேசுகிறான்? மீன் வாங்கினேன் என்கிறோம், புறா வளர்க்கிறேன் என்கிறோம். கேட்கிறவனுக்கு விளங்கும் என்ற தைரியத்தில்தான் ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. செத்துப்போன புறாவின் இறகைக் குவித்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் அழுதிருக்கிறான், அதைக் கொலைகாரன் பெருமை அடித்துக்கொண்டதாக ஆக்கிவிட்டார்கள். அப்படித்தான் நான் நினைத்தேன். ஆனால் இறகு அதைச் சொல்லவில்லையே, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ரேஞ்சர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "நான் நம்பறன் மேடம். நான் நம்பி இன்னா ஆவப்போவுது? றெக்க உதுந்த அப்புறம் அடிச்சிருந்தா இன்னான்னு மேல கேப்பாங்க. அந்தப் பறவ இப்ப அந்தப் பக்கமே வர்றதில்லன்னு பக்கத்து மாடிக்காரரும் சொல்றாரு. உசுரோட அதக் காட்டுங்க. அங்கியே முடிச்சிடறேன்" என்றார். நியாயமான பேச்சுதான். எங்களால் மறுக்க முடியவில்லை.

வைத்திக்குப்பத்தில் தேசிங்கின் மாடிக்குப் போனோம். கீழே படகுகள், எதிரே கடல், பக்கத்து மாடியில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அந்த நெத்திலி மேல் புறா எச்சம் விழுவதுதான் சண்டைக்கு முதல் காரணம் என்று அஞ்சலாட்சி என் காதில் சொன்னாள். தேசிங்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆஜானுபாகு, ஆனால் தோள் இரண்டும் தொங்கிப்போய் இருந்தது. புகார் வந்த நாளிலிருந்து பயத்தில் புறாக்களை வெளியே விடவே இல்லையாம்.

"அதனாலதான் அது வரல" என்றார் மேடம். "தேசிங்கு, கூண்டத் தெறந்தா வரும்னு நெனைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாது. வந்தா, உங்க புறா ஒண்ணு போனாலும் போவலாம். தெறக்கச் சொல்லி நான் கேக்க முடியாது. நீங்கதான் முடிவு பண்ணணும்."

தேசிங்கு கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு நீலப் புறா கம்பிக்கு அருகில் வந்து தலையைச் சாய்த்தது. "அது ராணியோட ஜோடி" என்றாள் அஞ்சலாட்சி மெதுவாக. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவரே கொக்கியை எடுத்துவிட்டார்.

அன்றைக்கு வல்லூறு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பக்கத்து மாடிக்காரர் நெத்திலியைக் கிளறிக்கொண்டே, "செத்தது எங்கேந்து வரும்?" என்று காற்றிடம் கேட்டார். அஞ்சலாட்சி பதில் சொல்ல வாயெடுத்தாள், தேசிங்கு கையைக் காட்டி அடக்கினார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தப் பறவை வேறெங்கோ போய்விட்டிருந்தால், காக்கை துரத்தி எங்காவது செத்தே போயிருந்தால், இந்த மனுஷன் கதி?

அடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரம். ஆடிக் காற்று தூக்கிக்கொண்டிருந்தது. புறாக்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. காக்கைகள் திடீரென்று கத்தின. தென்னைக்குப் பின்னாலிருந்து சாம்பலாக ஒன்று வந்தது. நான் 'அதோ' என்று சொல்வதற்குள் பட்டென்று ஒரு சத்தம், காற்றில் இறகுப் பஞ்சு. கைப்பிடிச் சுவரின் மேல் அந்த நீலப் புறாவைக் காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு வல்லூறு நின்றது. புறாவைத் தூக்கிக்கொண்டு பறக்க அதற்குத் தெம்பு கிடையாது. அடித்த இடத்திலேயே வைத்துத்தான் பிய்க்கும்.

தேசிங்கு 'அடியேய்' என்று ஓர் அலறல் அலறி, கீழே கிடந்த செங்கல் துண்டைத் தூக்கிவிட்டார். கை தலைக்கு மேலே போய்விட்டது. ரேஞ்சர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யோவ்! கல்லப் போடுய்யா!" என்று அஞ்சலாட்சி பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். "அது உன் சாட்சிய்யா! உனக்காக வந்துகீதுய்யா!"

கல் அவர் கையிலேயே இருந்தது. பிறகு நழுவித் தரையில் விழுந்தது. வல்லூறு எங்களை ஒரு முறை முறைத்தது. இரையை யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று அது செய்கிற காரியம் ஒன்று உண்டு, இரண்டு இறக்கையையும் விரித்துக் குடை மாதிரி இரையை மூடிக்கொள்ளும். அப்படி விரித்தது. இடது இறக்கையின் நடுவே ஓர் ஓட்டை, அதில் பாதி வளர்ந்த புது இறகு. வலது இறக்கையில் அதே இடத்தில் அதே ஓட்டை, அதே பாதி இறகு. வாலிலும் ஓர் இடம் குட்டையாக இருந்தது.

மேடம் என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாததா? இருந்தும் என்னைத்தான் கேட்டார். "என்ன தெரியுதுக்கா?"

கவரில் இருந்த மூன்று இறகும் எந்தெந்த இடத்திலிருந்து உதிர்ந்தவை என்று நான் பார்த்ததைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. என் வேலைக் காலத்தில் நான் பேசின பேச்சிலேயே அதுதான் நல்ல பேச்சு. ரேஞ்சர் பைனாகுலர் வழியாகப் பார்த்தார், பிறகு போனை எடுத்துப் படம் எடுத்தார், மறுபடி பார்த்தார். "போதும் மேடம். முடிஞ்சிது" என்றார். பக்கத்து மாடியில் நெத்திலி கிளறுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

படத்தை இன்னும் கிட்டத்தில் எடுக்கலாம் என்று ரேஞ்சர் ஓர் அடி முன்னால் வைத்தார். தேசிங்கு குறுக்கே கையை நீட்டித் தடுத்தார். அவர் கன்னமெல்லாம் ஈரம். சுவர் மேல் தன் புறாவின் இறகுகள் ஒவ்வொன்றாகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கிட்டப் போவாதீங்க சார். பயந்துடும். துன்னு முடிக்கட்டும்."

அது தின்று முடிக்கிறவரை நாங்கள் எல்லோரும் அந்த வெயிலில் அசையாமல் நின்றோம்.